ப்ரெட் மெஷின் சந்தேகமா? இங்க கேளுங்க

ஏழு வருஷமா நம்ம வீட்டுல வாரத்துக்கு ரெண்டு தடவ மெஷின் ஓடுது. முதல் ரெண்டு மாசம் வந்ததெல்லாம் செங்கல்தான், நாய் கூட மோந்து பாத்துட்டு போயிடுச்சு. அந்த அனுபவத்துலதான் சொல்றேன்.

அக்கா, கூட வந்த புக்ல இருக்குறபடியே அளந்து போட்டேன், நல்லா உப்பி வந்துட்டு கடைசில நடுவுல குழி விழுந்துடுச்சு. சென்னைல இருக்கேன்.

புக்ல வெதுவெதுப்பான தண்ணின்னு போட்டிருப்பாங்களே, அது குளிர் ஊர் கணக்குமா. மே மாசம் நம்ம மொட்டமாடி டேங்க் தண்ணியே டீத்தண்ணி மாதிரிதான் வருது, அதுல ஈஸ்ட் தலைகால் தெரியாம ஆடும். மெஷினுக்கு கடிகாரம் மட்டும்தான் உண்டு, கண்ணு கிடையாது, மாவு சீக்கிரமே பொங்கி முடிச்சாலும் அது பாட்டுக்கு நேரம் ஆனப்புறம்தான் சூடு ஏத்தும், அதுக்குள்ள மாவு களைச்சு அமுங்கிடும். ஃப்ரிட்ஜ் தண்ணி ஊத்துங்க. 400 கிராம் மைதாவுக்கு இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 3 கிராம், அதாவது ஒரு தலைதட்டின டீஸ்பூன், தாராளம். உப்பு 7 கிராமுக்கு குறைக்காதீங்க, அதுதான் ஈஸ்ட்டுக்கு கடிவாளம். அப்பவும் குழி விழுந்தா தண்ணி ஜாஸ்தின்னு அர்த்தம்.

தராசு வாங்கித்தான் ஆகணுமா? கப்ல அளந்தா ஆகாதா?

வாங்கிடுங்க. ஒரே கப்புல அள்ளுற கையப் பொறுத்து மைதா 120 கிராமும் வரும், 150-ம் வரும். மூணு கப்புக்கு எவ்ளோ வித்தியாசம்னு நீங்களே கூட்டிப் பாருங்க.

முழு கோதுமை மாவுல பண்ணினா கல்லு மாதிரி வருது, வீட்டுக்காரர் கிண்டல் பண்றார்.

மொதல்ல அவருக்கு ரெண்டு ஸ்லைஸ் வெட்ட குடுங்க, கை வலிக்கட்டும். சரி, விஷயத்துக்கு வரேன். நம்ம சப்பாத்தி மாவு சக்கில நல்லா நசுங்கி அரையுறதால ஸ்டார்ச் அடிபட்டு தண்ணிய நிறைய குடிக்கும், அதுக்கு மேல தவிடு வேற க்ளூட்டன் இழைய, அதான் மாவ இழுத்துப் புடிச்சு உப்ப வைக்கிற புரதத்த, அறுத்து விடும். மைதாவுக்கு 400 கிராமுக்கு 250 மில்லி தண்ணின்னா இதுக்கு 300-ல ஆரம்பிங்க. அஞ்சு நிமிஷம் பிசைய விட்டு மெஷின ஆஃப் பண்ணிட்டு அரை மணி நேரம் அப்படியே விடுங்க, சப்பாத்திக்கு ஊற வைப்போம்ல அதே சமாச்சாரம்தான், அப்புறம் முதல்லேர்ந்து ஸ்டார்ட் பண்ணுங்க. க்ளூட்டன் பவுடர் கிடைச்சா ரெண்டு டேபிள்ஸ்பூன். எடுத்த எடுப்புல முழு கோதுமைக்கு போகாம பாதிக்குப் பாதி மைதா சேத்து பழகினா மனசு உடையாது.

கேழ்வரகு?

கால் பங்குக்கு மேல வேணாம், அதுல க்ளூட்டனே இல்ல. மிச்சத்த களி கிண்டிக்கோங்க.

பாதில கரன்ட் போயிடுச்சுன்னா எல்லாம் வேஸ்ட்டா?

இல்லவே இல்ல. பிசையும்போது போனா திரும்ப முதல்லேர்ந்து ஓட்டுங்க. உப்பும்போது போனா மூடிய திறக்காம விடுங்க, மாவு பாட்டுக்கு உப்பிட்டு இருக்கும், கரன்ட் வந்ததும் வெறும் பேக் மட்டும் பண்ற மெனுல 50 நிமிஷம் போட்டா போதும். எனக்கு ரெண்டு தடவ இப்படி காப்பாத்தி இருக்கு.

அமெரிக்கால இருந்து அண்ணன் மெஷின் கொண்டு வந்தார், பிளக் மட்டும் மாத்தினா போதுமா?

ஐயோ, சொருகிடாதீங்க! அது 120 வோல்ட், நம்மளது 230. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேணும், 600 வாட் மெஷினுக்கு ஆயிரம் வாட் தாங்குறதா பாத்து வாங்குங்க.

ரெண்டாம் நாளே உள்ள பிசுபிசுன்னு நூல் மாதிரி வருது, அழுகின அன்னாசி வாசனை. ஈஸ்ட் கெட்டுப்போச்சா?

ஈஸ்ட் மேல பழி போடாதீங்க, இது மாவுல இருக்குற ஒரு பாக்டீரியா வேலை. அதோட விதை பேக் பண்ற சூட்டுலயும் சாகாது, நம்ம புழுக்கத்துல முழிச்சுக்கும். அந்த ப்ரெட்ட தூக்கிப் போட்டுட்டு பாத்திரத்தையும் மேடையையும் வினிகர் போட்டு துடைங்க. அடுத்த தடவ மாவுலயே ஒரு டீஸ்பூன் வினிகர் ஊத்துங்க, புளிப்பு தெரியாது. பீப் அடிச்சதும் வெளிய எடுத்து கம்பி தட்டுல ஒரு மணி நேரம் ஆறினப்புறம் வெட்டுங்க. மிஞ்சினத ஸ்லைஸ் போட்டு ஃப்ரீசர்ல வைங்க, கீழ் தட்டுல வச்சா சீக்கிரம் வறண்டு போகும்.

பிசையுற பிளேடு ப்ரெட்டுக்குள்ளயே மாட்டிக்குது.

கடைசி பிசையல் முடிஞ்சதும் கையில எண்ணெய் தடவி அத உருவிடுங்க. சின்ன ஓட்டை மட்டும் இருக்கும், பரவால்ல.

அக்கா இப்பதான் ஸ்டார்ட் பண்ணேன், பத்து நிமிஷம் ஆச்சு, மூடி திறக்கலாமா? மாவு சுவத்துல அப்பிக்கிட்டே சுத்துது.

திறங்க திறங்க, பாக்க வேண்டிய நேரமே இதுதான், இங்க கேட்ட பாதி கேள்விக்கு பதில் அந்த பத்தாவது நிமிஷத்துலதான் இருக்கு. சப்பாத்தி மாவ விட இளக்கமா, பரோட்டா மாவு மாதிரி உருண்டையா சுத்தணும், அடில மட்டும் லேசா ஒட்டலாம். ஒரு டேபிள்ஸ்பூன் மாவு ஓரமா தூவிட்டு ரெண்டு நிமிஷம் பொறுங்க, அவசரப்பட்டு அள்ளிக் கொட்டிடாதீங்க. உருண்டை சேந்துச்சான்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க.

சேந்துடுச்சு அக்கா!

மூடிய மூடுங்க. இனிமே எட்டிப் பாக்கக் கூடாது.