கார்டு ஃபார்மட் செய்யவா என்று கேட்டால் ‘வேண்டாம்’ கொடுங்கள்

வணக்கம். தங்கையின் வளைகாப்புப் படங்கள் உள்ள 32 ஜிபி எஸ்டி கார்டைக் கணினியில் செருகினால் ‘ஃபார்மட் செய்யவா?’ என்று கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து செய்துவிடாதீர்கள், கேமராவிலும் மறுபடி போட வேண்டாம். பெரும்பாலும் படங்கள் அப்படியே இருக்கும். எது எங்கே இருக்கிறது என்று காட்டும் அட்டவணைதான் கெட்டிருக்கும். கார்டில் புதிதாக எதையாவது எழுதினால்தான் உண்மையான இழப்பு.

முதலில் கார்டின் ஓரத்தில் உள்ள பூட்டை ‘லாக்’ பக்கம் தள்ளிவிட்டு, வேறொரு கார்டு ரீடரில் போட்டுப் பாருங்கள். சில நேரம் கோளாறு ரீடரில்தான் இருக்கும்.

அப்போதும் திறக்காவிட்டால் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை இறக்குங்கள். அது அட்டவணையை நம்பாமல், ஜேபெக் படக் கோப்பு தொடங்கும் அடையாள பைட்டுகளைத் தேடிப் படங்களை எடுக்கும். அதனால் பழைய பெயர்கள் வராது. எடுத்த தேதி படத்துக்குள்ளேயே எக்ஸிஃப் தகவலாக இருப்பதால் வரிசைப்படுத்திவிடலாம். மீட்பதைக் கணினி வட்டில் சேமியுங்கள், அதே கார்டில் வேண்டவே வேண்டாம்.

கணினியில் இணைந்த வட்டுகளைக் காட்டும் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் கார்டே தெரியாவிட்டால் வீட்டில் முயலாதீர்கள். சிப்பிலிருந்தே தரவை எடுக்கும் மீட்பு நிலையத்தில் கொடுங்கள், செலவு கூடுதல்தான். டிஸ்க் மேனேஜ்மென்டில் என்ன காட்டுகிறது என்று எழுதுங்கள், பார்க்கிறேன்.