ஏழு லட்சம் கொடுத்து ஒத்திக்குப் போகலாமா?

கேள்வி: மதுரை கே.புதூரில் ஒன்பது வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். சௌராஷ்டிரா குடும்பம், பாய் வீடு, சர்ச்சுக்குப் போகிறவர்கள் என்று தெருவே தாயா பிள்ளையாப் பழகுகிறது. பக்கத்து வீடு 7 லட்சத்துக்கு ஒத்திக்கு வருகிறது; அதாவது மொத்தமாகப் பணம் கொடுத்து வாடகையில்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது அதைத் திரும்ப வாங்கிக்கொள்வது. வாடகைக்கு என்றால் மாதம் 9,000. எங்கள் சேமிப்பு 8 லட்சம். ‘முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டால் போதும், எல்லாரும் தெரிந்தவர்கள்தானே’ என்கிறார் வீட்டுக்காரர். கொடுக்கலாமா?

பதில்: கணக்கு உங்கள் பக்கம்தான். 7 லட்சத்தை 6.5 சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டால் மாதம் சுமார் 3,800 ரூபாய் வரும். ஒத்தியில் 9,000 ரூபாய் வாடகை மிச்சம். இவ்வளவு லாபம் ஏன் கிடைக்கிறது என்றால், உங்கள் பணத்துக்கு அந்த வீட்டுக்காரர் ஒருவரே பொறுப்பு. வாங்கிய பணத்தைப் பெரும்பாலும் பழைய கடனுக்கோ கல்யாணச் செலவுக்கோ போட்டுவிடுவார்கள். அடுத்த ஒத்திக்காரர் வந்தால்தான் உங்களுக்குத் திரும்பும். ஆள் வரத் தாமதமானால் நல்ல மனிதரும் கையைப் பிசைவார்.

அதனால் முத்திரைத்தாளோடு நிறுத்தாதீர்கள். 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டப்படி, 100 ரூபாயோ அதற்கு மேலோ கொடுத்து வாங்கும் ஒத்திக்குப் பதிவு செய்த பத்திரமும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். சாட்சிக்கு நீங்கள் அலைய வேண்டியதில்லை. பாய் வீட்டிலும் சௌராஷ்டிரா வீட்டிலும் கேளுங்கள், உரிமையோடு வந்து நிற்பார்கள். பதிவுச் செலவை யார் ஏற்பது என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

அதற்கும் முன்னால் வில்லங்கம் பாருங்கள், அதாவது அந்த வீட்டின் மேல் அடமானம் ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று. பத்திரப்பதிவுத் துறை இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். வங்கி அடமானம் ஏற்கெனவே பதிவாகியிருந்தால் முதல் உரிமை வங்கிக்குத்தான். வீடு ஏலத்துக்குப் போனால், மிஞ்சினால்தான் உங்களுக்கு. வில்லங்கத்தில் ஏறாத கடனும் உண்டு என்பதால் மூலப் பத்திரத்தைக் கண்ணால் பாருங்கள். நகலைக் காட்டினால் அசல் எங்கே என்று தயங்காமல் கேளுங்கள். பழகிய முகத்திடம் கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் அது உங்கள் பல வருடச் சேமிப்பு.

எல்லாம் சரியாக இருந்தாலும் 7 லட்சத்தையும் கொடுக்க எனக்கு மனமில்லை. கையில் ஒரு லட்சம்தான் மிஞ்சும். ஒரு ஆஸ்பத்திரிச் செலவுக்கே அது காணாது. 4 லட்சம் ஒத்தி, மீதிக்கு மாதம் 4,000 வாடகை என்று கேட்டுப் பாருங்கள். பாதி ஒத்தி, பாதி வாடகை நம் ஊரில் நடைமுறையில் உள்ளதுதான். பதிவுக்கே வர மாட்டேன் என்றால், ஒத்திப் பேச்சை விட்டுவிட்டு அதே வீட்டை 9,000 வாடகைக்குக் கேளுங்கள்.