கிளிக்குத் தின்பண்டம்: அட்டையின் பின்பக்கத்தைப் படித்து வாங்குங்கள்

கேள்வி: எங்கள் காக்கட்டீலுக்கு (கொண்டை வைத்த சின்னக் கிளி) கூண்டில் தொங்கவிடும் ‘தேன் குச்சி’ வாங்குகிறோம். இயற்கையானது, வைட்டமின் சேர்த்தது என்று அட்டையில் போட்டிருக்கிறது. ஒரு குச்சி இரண்டே நாளில் காலி. தொடர்ந்து வாங்கலாமா?

பதில்: அட்டையின் முன்பக்கம் உங்களுக்காக எழுதப்பட்டது. கிளிக்கு என்ன போகிறது என்பது பின்பக்கத்தில்தான் இருக்கும். சேர்மானங்களைப் பெரும்பாலும் எடை வரிசையில்தான் அச்சிடுவார்கள். முதல் 3 இடங்களுக்குள் தேன், குளுக்கோஸ் சிரப், சர்க்கரை, வெல்லப்பாகு எது வந்தாலும் அது மிட்டாய். இனிப்பை மூன்று பெயர்களில் பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும். எனவே எல்லா இனிப்பையும் கூட்டிப் பாருங்கள். விதைகள் குச்சியில் ஒட்டி நிற்க ஒரு பசை வேண்டும். அந்தப் பசைதான் இந்த இனிப்பு.

அடுத்து வைட்டமின். உரிக்காத விதையில் அதை மேல்தோலில்தான் தெளிக்கிறார்கள். கிளியோ விதையை உரித்துப் பருப்பை மட்டும் தின்னும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வைட்டமின் உமியோடு கூண்டின் தட்டில் விழுந்து குப்பைக்குப் போகிறது.

அளவுதான் இதில் பெரிய சிக்கல். காக்கட்டீலின் எடை 80 முதல் 100 கிராம். ஒரு நாளைக்கு அது தின்னும் உலர்தீனி சுமார் 10 முதல் 15 கிராம். தின்பண்டம் இதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது, அதாவது 1 முதல் 1.5 கிராம். நிகர எடை 60 கிராம், உள்ளே 2 குச்சி என்றால் ஒரு குச்சி 30 கிராம். குறைந்தது 20 நாளுக்கு வரவேண்டியதை உங்கள் பறவை இரண்டு நாளில் முடிக்கிறது. வேறு எதையும் அது சரியாகத் தின்றிருக்காது.

வாங்கிவிட்ட குச்சியைத் தூக்கிப்போட வேண்டாம், தொங்கவிடாதீர்கள், அவ்வளவுதான். குறடால் பட்டாணி அளவுக்கு உடைத்துக் காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். ஒரு நாளைக்கு ஒரு துண்டு, அதுவும் கையிலிருந்து. அடுத்த முறை குச்சிக்குப் பதில் தினைக்கதிர் வாங்குங்கள். கொழுப்பு குறைவு, சேர்த்த இனிப்பு கிடையாது, கொத்திப் பிரித்துத் தின்னும் வேலையும் அதே. 2 அல்லது 3 சென்டிமீட்டர் நறுக்கினால் ஒரு வேளைக்குப் போதும்.

கேள்வி: நாங்கள் சாப்பிட உட்கார்ந்தாலே கிளி கத்துகிறது. மனசு கேட்காமல் பிஸ்கட், சிப்ஸ் என்று கொஞ்சம் கொடுத்துவிடுகிறோம். வீட்டில் நான்கு பேர், எல்லோரும் ‘ஒன்றே ஒன்று’தான் கொடுக்கிறோம். எப்படி நிறுத்துவது?

பதில்: கிளி கூட்டமாக இரை தேடும் பறவை. நீங்கள் சாப்பிடும்போது தானும் தின்ன நினைப்பது அதன் இயல்பு. அதை மாற்ற முடியாது, தட்டை மாற்றலாம். நீங்கள் உட்காருவதற்கு ஒரு நிமிடம் முன்பே அதன் கிண்ணத்தில் நறுக்கிய கேரட், சிவப்புக் குடைமிளகாய், வெந்த பூசணி ஏதாவது ஒன்றைப் போட்டுவிடுங்கள்.

கத்தும் நேரத்தில் எதையும் கொடுக்காதீர்கள். கத்தினால் கிடைக்கும் என்று கற்றுக்கொண்ட பறவை, கிடைக்காத முதல் சில நாட்கள் முன்பைவிடக் கூடுதலாகக் கத்தும். பெரும்பாலான வீடுகள் தோற்பது இங்கேதான். அந்த உச்சத்தில் கொடுத்துவிட்டால், இன்னும் நீளமாகக் கத்தினால்தான் கிடைக்கும் என்பதே அது படிக்கும் பாடம். மூன்று வினாடி அமைதியாக இருந்ததும் கொடுங்கள். பிறகு அந்த இடைவெளியைப் பத்து, இருபது வினாடி என்று நீட்டுங்கள்.

நான்கு பேர் பிரச்சினைக்கு ஒரு மூடி போட்ட சின்ன டப்பா போதும். அன்றைக்கான பங்கைக் காலையிலேயே எடைபோட்டு அதில் வையுங்கள். யார் கொடுத்தாலும் அதிலிருந்துதான். டப்பா காலியானால் அன்றைக்கு முடிந்தது. சூரியகாந்திப் பருப்பை நான்காக நறுக்கி வைத்தால் ஒரு பருப்பில் நான்கு முறை கொடுக்கலாம். கையிலிருந்து எத்தனை முறை கிடைக்கிறது என்பதைத்தான் கிளி பெரிதாக எடுத்துக்கொள்கிறது. துண்டு சிறியது என்று முறைத்துக்கொள்ளாது.

கொடுக்க வேண்டும் என்று உங்களுக்குக் கை பரபரத்தால் வேலையைக் கொடுங்கள். அச்சிடாத வெள்ளைத்தாளில் மூன்று பெல்லட்டை (சத்துகளைக் கலந்து அரைத்துச் சிறு உருண்டைகளாக்கிய தீனி) வைத்து, மிட்டாய் மாதிரி இரண்டு முனையையும் முறுக்குங்கள். முதல் தடவை பாதி திறந்து உள்ளே இருப்பதைக் காட்டுங்கள். அதன் பிறகு அதுவே கிழிக்கும். ஸ்டேப்ளர் பின், ஒட்டும் டேப் இரண்டும் கூடாது. வாயிலிருந்து ஊட்டும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். நம் எச்சிலில் இருக்கும் கிருமிகள் கிளிக்கு நோய் தரும்.

கேள்வி: விதையும் பெல்லட்டும் கலந்த ‘முழுமையான உணவு’ பை வாங்கினோம். சூரியகாந்தியை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு மற்றதை இறைக்கிறது. காசு வீண்தானா?

பதில்: அந்தப் பைக்குக் கொடுத்த காசு வீண்தான். முழுமை என்பது பையில் இருப்பதற்கான கணக்கு. பறவை தின்பதற்கு அந்தக் கணக்கு பொருந்தாது. சூரியகாந்திப் பருப்பில் ஏறத்தாழ பாதி கொழுப்பு. வைட்டமின் ஏ கிட்டத்தட்ட இல்லை, கால்சியம் குறைவு, பாஸ்பரஸ் அதிகம். இதையே வருடக்கணக்கில் தின்னும் கிளிக்குக் கல்லீரலில் கொழுப்பு சேரும், அலகு அளவுக்கு மீறி வளரும், இறகு மங்கும், மூக்கு, சுவாசத் தொற்றுகள் திரும்பத் திரும்ப வரும். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிக்கு ரத்தத்தில் கால்சியம் குறைந்து வலிப்பே வரக்கூடும்.

இனிமேல் விதையையும் பெல்லட்டையும் தனித்தனிப் பைகளாக வாங்குங்கள். பெல்லட் முதலில் மிகச் சிறிய பையாக இருக்கட்டும். பறவையின் அளவுக்கேற்ற துண்டா என்று பாருங்கள். ஒரு கிராம் வரை துல்லியமாகக் காட்டும் சமையலறைத் தராசும் வாங்குங்கள். இந்தப் பட்டியலில் உண்மையிலேயே அவசியமான பொருள் அதுதான்.

ஒரு வாரம், தினமும் காலையில் முதல் எச்சம் போட்டபின், தீனிக்கு முன் எடை எடுங்கள். பிறகு, பறவையை விதையிலிருந்து பெல்லட்டுக்கு மாற்ற, பெல்லட்டைத் தூளாக்கி, லேசாக வெந்நீரில் ஈரமாக்கி, விதைமேல் பிசறிக் கொடுங்கள். ஈரத்தீனியை இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். தனிக் கிண்ணத்தில் உலர்ந்த பெல்லட் நாள் முழுக்க இருக்கட்டும். சில நாட்களுக்கு ஒருமுறை விதையில் பத்தில் ஒரு பங்கைக் குறையுங்கள். வாரக்கணக்கில் ஆகும், பிடிவாதக்காரக் கிளிக்கு மாதங்களும் ஆகும்.

எடை பத்தில் ஒரு பங்கு இறங்கினால், உதாரணமாக 90 கிராம் பறவை 81 ஆனால், பழைய தீனிக்குத் திரும்பிப் பறவை மருத்துவரிடம் காட்டுங்கள். எச்சம் குறைந்து, கரும்பச்சையாகச் சொட்டுச் சொட்டாக விழுந்தாலும் அது தின்னவில்லை என்றே பொருள். பசித்தால் தின்னும் என்று பட்டினி போடாதீர்கள். சிறிய பறவை அதைத் தாங்காது. நோயுற்ற பறவைக்கு மாற்றமே கூடாது.

கிண்ணத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். உரித்த உமி விதையின் மேலேயே கிடக்கும். நிறைந்த கிண்ணம் போலவே தெரியும். ஊதிப் பாருங்கள், அடியில் ஒன்றும் இருக்காது.

தேன்குடிக்கும் லோரிகீட் வகைக் கிளிகளின் தீனியே வேறு. அவற்றுக்கு இந்த முறை பொருந்தாது.

கேள்வி: பல நிறப் பெல்லட் நல்லதா, ஒரே நிறமா?

பதில்: ஒரே நிறம். சாயம் எச்சத்தின் நிறத்தையும் மாற்றும். சிவப்பு பெல்லட் தின்ற நாளில் ரத்தமோ என்று பயப்படுவீர்கள், நிஜமாக ரத்தம் வரும் நாளில் பெல்லட்தான் என்று விட்டுவிடுவீர்கள். பல நிறப் பெல்லட்டுகள் சிலவற்றில் சர்க்கரையும் உண்டு.

கேள்வி: தீனியோடு மணல் பாக்கெட்டும் தண்ணீரில் கலக்கும் வைட்டமின் சொட்டும் வாங்கச் சொல்கிறார்கள். தேவையா?

பதில்: மணல் வேண்டாம். விதையை முழுதாக விழுங்கும் புறா போன்ற பறவைகளுக்கு அது உதவும். கிளி உரித்துத் தின்பதால் தேவையில்லை. அதிகம் தின்றால் குடல் அடைபடும். சொட்டு மருந்து தண்ணீரில் விரைவில் சிதையும், கிருமி வளரும், சுவை பிடிக்காமல் பறவை தண்ணீர் குடிப்பதையே குறைக்கும். மருத்துவர் சொல்லாமல் வாங்காதீர்கள். கால்சியத்துக்குக் கணவாய் ஓடு வாங்கி வையுங்கள், அது போதும்.

கேள்வி: துளிகூடக் கொடுக்கக்கூடாதவை எவை?

பதில்: அவகாடோ, சாக்லேட், காபி, டீ, மது, வெங்காயம், பூண்டு, சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்தவை, ஆப்பிள் விதை, பீச் போன்ற பழங்களின் கொட்டை. 35 கிராம் எடையுள்ள பட்ஜி என்ற குட்டிக் கிளிக்கு ஒரு சாக்லேட் துணுக்கே ஆபத்து. தின்றுவிட்டால் அளவையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு உடனே மருத்துவரை அழையுங்கள். வாந்தி எடுக்கவைக்க முயலாதீர்கள். உப்பு தூவியது, பொரித்தது, பால் ஊற்றி ஊறவைத்த ரொட்டி ஆகியவையும் வேண்டாம். பச்சை மிளகாய் தாராளமாகத் தரலாம், நமக்கு எரியும் காரம் பறவைக்கு உறைப்பதே இல்லை.

கேள்வி: மலிவு என்று உதிரியாக 5 கிலோ விதை வாங்கிவிட்டோம். எப்படி வைப்பது?

பதில்: முதலில் தேறுமா என்று பாருங்கள். ஈரத்தாளில் 20 விதை வைத்து நான்கைந்து நாள் விடுங்கள். பாதிகூட முளைக்காவிட்டால் பழைய சரக்கு. உரித்த பருப்புக்கு இந்தச் சோதனை செல்லாது. காறல் வாடையை முகர்ந்துதான் பார்க்க வேண்டும். மெல்லிய நூலாம்படை தெரிந்தால் அந்துப்பூச்சி: சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்தால் முட்டையும் சாகும். பூஞ்சை வாடை அடித்தால் கழுவிக் காயவைக்கும் யோசனையே வேண்டாம், மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். நிலக்கடலையும் கலந்திருந்தால் இன்னும் கண்டிப்பாக, ஏனென்றால் அதில் பூஞ்சை விடும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது, அது தாக்குவதும் கல்லீரலைத்தான்.