நாஜி வதைமுகாமில் காதல் நடந்திருக்குமா, அது யாரையாவது காப்பாற்றியதா?

நடந்தது. ஆனால் மிகச் சிலருக்குத்தான். நாஜிகள் பிடித்திருந்த போலந்தின் ஆஷ்விட்ஸ் முகாமில் வந்து இறங்கிய யூதர்களில் பெரும்பாலோர் அன்றே விஷவாயுவுக்கு அனுப்பப்பட்டார்கள். மிஞ்சியவர்களை ஆண், பெண் என்று பிரித்து அடைத்தார்கள். காதலிக்கவே ஓரளவு வசதியான வேலை வேண்டியிருந்தது.

ஆஷ்விட்ஸில் ஹெலன் ஸ்பிட்ஸரும் டேவிட் விஸ்னியாவும் அப்படிப்பட்டவர்கள். ஸ்பிட்ஸர் 1942-இல் ஸ்லோவாக்கியாவிலிருந்து வந்தவர். ஓவியப் பயிற்சி இருந்ததால் பெண் கைதிகளின் உடையில் சிவப்புக் கோடு தீட்டும் வேலை கிடைத்தது, அப்புறம் முகாம் அலுவலக வேலை. விஸ்னியா நன்றாகப் பாடுவார். காவலர்களுக்காகப் பாடியே பிணம் சுமக்கும் வேலையிலிருந்து தப்பி, கைதிகளின் துணிகளைக் கிருமிநீக்கும் இடத்துக்கு மாறினார். 1943-இல் பழக்கமானது. மாதம் ஒருமுறை போல, துணிமூட்டைகளை ஏணியாக அடுக்கி மேலேறி, இருவர் மட்டுமே கொள்ளும் ஓர் இடுக்கில் சந்தித்தார்கள். சக கைதிகள் காவல் காத்தார்கள். பிடிபட்டால் மரணம்தான்.

போர் முடிந்ததும் வார்சாவில் சந்திப்பதாகப் பேச்சு. ஸ்பிட்ஸர் போய்க் காத்திருந்தார், விஸ்னியா வரவில்லை. அமெரிக்கப் படையோடு சேர்ந்துவிட்டார். இருவரும் வேறுவேறு பேரை மணந்தார்கள்.

2016-இல் நியூயார்க்கில் மறுபடி பார்த்தபோது, “நான் பிழைத்ததில் உன் பங்கு உண்டா?” என்று கேட்டார் விஸ்னியா. ஆபத்தான இடங்களுக்கு அவரை அனுப்பவிருந்த ஐந்து தடவை தடுத்ததாக ஸ்பிட்ஸர் சொன்னார். என்னைப் பொறுத்தவரை, காதல் அங்கே உயிரைக் காத்தது இப்படித்தான்: அலுவலகத்தில் இருந்த ஒருத்தி, தன் உயிரைப் பணயம் வைத்துச் செய்த வேலையாக.