நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை: இரவில் இடைவெளி எதற்கு?

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. வயலுக்குப் போக வாய்க்கால் கரையில் ஏறும்போதெல்லாம் "நெஞ்சுல கல்லத் தூக்கி வச்சாப்ல இருக்கு" என்பார். இருதய மருத்துவர் ஆஞ்சைனா (இருதயத்துக்கு இரத்தம் போதாமல் வரும் நெஞ்சுவலி) என்று சொல்லி, வலி வரும்போது நாக்குக்கு அடியில் வைக்க ஐசோசார்பைடு டைநைட்ரேட் 5 மில்லிகிராம் மாத்திரையும், தினமும் காலை 8 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் விழுங்க ஐசோசார்பைடு மோனோநைட்ரேட் 20 மில்லிகிராம் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். இரவுக்கு ஒன்றும் இல்லையே என்று பயந்து, 3 மணி மாத்திரையை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்து வருகிறேன். சரிதானா? கல்குவாரியில் வேலை பார்த்த என் சித்தப்பா, இதெல்லாம் வெடிமருந்து இனம் என்கிறார். மாத்திரை போட்டால் அப்பாவுக்குத் தலையும் விண்விண்ணென்று தெறிக்கிறது.
— வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: மாத்திரையின் நேரத்தைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். தயவுசெய்து அதை மீண்டும் பிற்பகல் 3 மணிக்கே மாற்றிவிடுங்கள். அப்பாவின் மேல் உள்ள அக்கறையால்தான் மாற்றினீர்கள் என்பது புரிகிறது. ஆனால் மருத்துவர் இரவை மறந்து விட்டுவிடவில்லை, வேண்டுமென்றே ஒதுக்கி வைத்திருக்கிறார். காரணம் புரிய, இந்த மருந்து இரத்தக் குழாயில் என்ன செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

அப்பாவின் இரண்டு மாத்திரைகளும் நைட்ரேட் இனம். நைட்ரேட் மருந்து உடலுக்குள் மாற்றமடைந்து நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைத் தருகிறது. (அறுவை அரங்கில் மயக்கத்துக்குத் தரும் நைட்ரஸ் ஆக்சைடு வேறு.) சில நொடிகளே நிலைக்கும் இந்த வாயு, குழாய்ச் சுவரின் தசைச் செல்லுக்குள் புகுந்து குவானிலேட் சைக்ளேஸ் என்ற நொதியைத் தூண்டுகிறது, அந்த நொதி சைக்ளிக் ஜி.எம்.பி. என்ற பொருளைப் பெருக்க, செல்லுக்குள் கால்சியம் குறைந்து, இறுகியிருந்த தசை தளர்கிறது. இருதயத் தமனிகளும் ஓரளவு விரிகின்றன என்றாலும், வழக்கமான அளவில் பெரிதும் விரிபவை சிரைகளே. வாய்க்காலின் மேல்மடையில் உள்ள குளங்கள் தண்ணீரைத் தேக்கிக்கொண்டால் கடைசிக் குளத்துக்கு வரத்துக் குறைந்து, அதன் கரையின் மேல் உள்ள பாரம் தணியும் அல்லவா? அதுபோலவே, விரிந்த சிரைகள் இரத்தத்தைத் தேக்கிக்கொள்வதால் இருதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது. வேலைப்பளு குறைந்த இருதயத்துக்கு ஆக்சிஜனும் குறைவாகவே போதும் என்பதால் வலி தணிகிறது.

இந்த வாயுவை நம் குழாய்களின் உட்சுவரே இயல்பாகச் சுரந்துகொண்டிருக்கிறது என்பது வெகுகாலம் யாருக்கும் தெரியாது. நைட்ரேட்டுகள் நைட்ரிக் ஆக்சைடைத் தந்தே வேலை செய்கின்றன என்று 1977-இல் காட்டினார் ஃபெரிட் முராட். ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் பெருந்தமனியைத் துண்டுகளாக்கிச் சோதித்தபோது, உட்படலம் தேய்ந்துபோன துண்டு அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் பட்டதும் சுருங்கியது. படலம் சேதமடையாத துண்டோ தளர்ந்தது. அப்படியானால் தளரச் சொல்லும் செய்தி அந்த மெல்லிய படலத்திலிருந்தே வருகிறது என்று அவர் 1980-இல் எழுதினார். அந்தச் செய்தியாளன் நைட்ரிக் ஆக்சைடுதான் என்பது சில ஆண்டுகளில் தெளிவாயிற்று. இவ்விருவரும் லூயி இக்னாரோவும் 1998-இல் நோபல் பரிசு பெற்றனர். தங்கள் அப்பாவைப் போல் உட்படலம் நலிந்தவர்களுக்கு, குழாய் தானே சுரக்க முடியாததை மாத்திரை வெளியிலிருந்து தருகிறது என்று கொள்ளலாம்.

சித்தப்பா சொன்னது பொய்யில்லை. இந்த மருந்துக் குடும்பத்தின் மூத்தது 1847-இல் இத்தாலிய வேதியியலாளர் சோப்ரேரோ தயாரித்த நைட்ரோகிளிசரின். ஆல்ஃபிரட் நோபல் 1867-இல் காப்புரிமை பெற்ற டைனமைட்டுக்கு உயிர் அதுவே. மாத்திரை வெடிக்காது, பயம் வேண்டாம். ஆனால் தங்கள் கேள்விக்கான விடை அந்த வெடிமருந்துத் தொழிற்சாலைகளிலேயே இருக்கிறது. அங்கு வேலை செய்தவர்களுக்குத் திங்கட்கிழமை தலை தெறிக்கும்; வாரம் நகர நகர உடல் பழகிக்கொண்டு வலி மறையும்; ஞாயிறு ஓய்வில் அந்தப் பழக்கம் விட்டுப்போக, திங்களன்று மறுபடியும் தலைவலி தொடங்கும். நைட்ரேட் ஓயாமல் இரத்தத்தில் இருந்தால் ஓரிரு நாளிலேயே குழாய்கள் அதற்கு மசிய மறுக்கின்றன. 10 அல்லது 12 மணி நேரம் இல்லாதிருந்தால் மீண்டும் மசிகின்றன. உழைப்பும் நடையும் உள்ள பகலில் மருந்து இருக்கட்டும், உறங்கும் இரவில் குழாய்கள் பழக்கத்தை மறக்கட்டும் என்பதே 8 மணி, 3 மணி என்ற கணக்கு. இரவிலும் வலி வருகிறதென்றால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்கு வேறு இன மருந்துகள் உள்ளன.

தலைவலியும் மண்டையின் குழாய்கள் விரிவதால் வருவதே; பெரும்பாலோருக்குச் சில நாட்களில் தணியும், அதற்காக மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை விழுங்கினால், கல்லீரல் அதில் பெரும்பகுதியை முதல் சுற்றிலேயே சிதைத்துவிடும். அடிநாக்கில் கரைந்தால் சில நிமிடங்களில் வேலை செய்யும். அப்பா அதை உட்கார்ந்துதான் வைக்க வேண்டும். நின்றபடி வைத்தால் இரத்தம் கால்களில் தேங்கி மயக்கம் வரும். வாய்க்கால் கரையில் அப்படி மயங்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வரப்பிலோ மரத்தடியிலோ உட்கார்ந்து வைக்கட்டும். வைத்து 5 நிமிடத்தில் வலி குறையாவிட்டால் 108-ஐ அழைத்துவிடுங்கள்.

இன்னொன்றைத் தாங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விடக் கூடாது. ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில், டடாலாஃபில் மாத்திரைகள் சைக்ளிக் ஜி.எம்.பி. அழிவதைத் தடுப்பவை, நைட்ரேட்டுடன் சேர்ந்தால் இரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்குச் சரியும். சில்டெனாஃபில் போட்டு 24 மணி நேரமும், டடாலாஃபில் போட்டு 48 மணி நேரமும் நைட்ரேட் தரக் கூடாது. எந்த வயதிலும் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம். மகளாகிய தங்களுக்குக் கேட்கத் தயக்கமாக இருந்தால், சித்தப்பாவைக் கேட்கச் சொல்லுங்கள்.