மேலே குடை, கீழே வெறுங்குச்சி: உயிர்வேலிக்கு எப்போது, எப்படிக் கவாத்து?

கேள்வி: தோட்டத்தைச் சுற்றி மருதாணியில் உயிர்வேலி வைத்து 7 வருடம் ஆகிறது. முன்பக்கம் மட்டும் செம்பருத்தி. நெஞ்சு உயரத்தில் நிறுத்தி, வளர வளர மேலே வெட்டிக்கொண்டே இருக்கிறேன். ஆனாலும் தரையிலிருந்து 2 அடிக்கு இலையே இல்லை. ஆடுகள் சுலபமாக உள்ளே வந்துவிடுகின்றன. செம்பருத்தியில் பூவும் குறைந்துவிட்டது. எந்தச் சமயத்தில், எப்படி வெட்டினால் அடியிலிருந்து தழைக்கும்?

பதில்: வெட்டாமல் விட்டதால் வந்த குறையில்லை இது. மேலே மட்டும் வெட்டியதால் வந்தது. கிளையின் நுனி மொட்டில் ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கி சுரக்கிறது. அது கீழே இறங்கி, பக்க மொட்டுகளை உறங்க வைத்திருக்கும். நுனியை வெட்டியதும் அந்தப் பிடி தளரும். ஆனால் விழித்துக்கொள்வது பெரும்பாலும் வெட்டுவாயை ஒட்டிய சில கணுக்கள்தான். ஒரே மட்டத்தில் திரும்பத் திரும்ப வெட்டினால் அங்கேயே கிளைத்துக் கிளைத்துக் குடை மாதிரி விரிந்துவிடும். குடைக்கு அடியில் வெயில் ஏது? நிழலில் கிடக்கும் இலையைச் செடி உதிர்த்துவிடும்.

ஆகவே ஒரு முறை ஆழமாக வெட்டி அடிக்கணுக்களை எழுப்ப வேண்டும். அதற்குப் பிறகு வேலியின் வடிவத்தையே மாற்ற வேண்டும்.

ஆழக் கவாத்துக்கு ஏற்ற நேரம், உங்கள் பகுதியில் மழை பிடிப்பதற்கு 2 அல்லது 3 வாரம் முன்பு. வெட்டுவாய் காய்ந்திருக்கும், துளிர் கிளம்பும்போது மண்ணில் ஈரம் இருக்கும். கடும் கோடையில் தண்ணீர் வசதியில்லாமல் வெட்டினால், அதுவரை நிழலில் இருந்த பட்டை வெயிலில் வெந்து வெடிக்கும். அடைமழையில் வெட்டினாலோ காயம் ஆறுவதற்குள் பூஞ்சணம் நுழைந்து, கிளை நுனியிலிருந்து கருகிக்கொண்டே வரும்.

மருதாணிக்குத் தயங்க வேண்டாம். இலைக்காகப் பயிரிடுகிறவர்கள் அதைத் தரைக்குச் சற்று மேலே அறுத்துத்தான் அறுவடை செய்கிறார்கள். அடிக்கட்டையிலிருந்து வருடக்கணக்கில் தழைத்துக்கொண்டே இருக்கும். தரைக்கு மேல் 1 அடி விட்டு மீதியை எடுத்துவிடுங்கள். ஆனால் சுற்றிலும் ஒரே நாளில் வெட்டினால் ஆட்டுக்கு வாசலைத் திறந்துவிட்டது போலாகும். இந்த வருடம் பாதி வேலி, அடுத்த வருடம் மறுபாதி போதும். முதிர்ந்த மருதாணிக் கிளைகளின் நுனி முள்ளாகியிருக்கும். அவற்றையே வெளிப்பக்கம் அணைத்துப் போட்டால், தளிர் இடுப்பளவு வரும்வரை காவலுக்கு ஆகும்.

செம்பருத்தி இவ்வளவு தாங்கும் என்று நம்பி இறங்காதீர்கள். அதில் முதிர்ந்த தண்டுகளில் மூன்றில் ஒன்றை மட்டும் அடியோடு எடுத்து, மற்றவற்றை அடுத்தடுத்த வருடங்களுக்கு வையுங்கள். பூ குறைந்ததற்கும் உங்கள் கத்தரிதான் காரணம். செம்பருத்தி புதுக் கிளையில் பூப்பது. மொட்டு வைக்கும் முன்பே நுனியை எடுத்துக்கொண்டிருந்தால் எங்கிருந்து பூக்கும்? முன்பக்கம் மட்டமான சுவர் வேண்டுமா, பூ வேண்டுமா என்று முடிவு செய்துகொள்ளுங்கள். பூ என்றால் வருடத்துக்கு ஒன்றிரண்டு கவாத்தோடு நிறுத்திவிடலாம்.

அடுத்து, எல்லோரும் கோட்டை விடும் கட்டம். அடியிலிருந்து துளிர் வந்ததும் சந்தோஷத்தில் அதை 4 அடிக்கு ஓடவிட்டுவிடுவார்கள். அப்படி விட்டால் பழைய கதைதான். புதுத் தளிர் ஒரு சாண் வளர்ந்ததும் அதில் பாதியை வெட்டுங்கள். கிளைத்து இன்னொரு சாண் வந்ததும் மறுபடி பாதி. உயரம் நிதானமாகத்தான் ஏறும். ஆனால் ஒவ்வொரு படியிலும் கிளை இரட்டித்துக்கொண்டே வரும். பக்கவாட்டை வெட்டும்போது அடி அகலமாகவும் மேல் குறுகலாகவும் சாய்த்து வெட்டுங்கள். அடியில் 3 அடி அகலம் என்றால் உச்சியில் 2 அடி. இந்தச் சாய்வு இருந்தால்தான் கீழ் இலைக்கும் வெயில் விழும். கண்மட்டத்தை நம்ப வேண்டாம். இரண்டு குச்சி நட்டுக் கயிறு கட்டிக்கொள்ளுங்கள்.

அரிவாளால் கொத்தினால் கட்டை பிளந்து நீர் தங்கும். விரல் கனம் வரை கவாத்துக் கத்தரி, அதற்கு மேல் ரம்பம். வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக வெட்ட வேண்டும். கட்டைவிரலைவிடப் பருத்த வெட்டுவாயில், மழை நெருங்கும் நேரமானால், காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சணக்கொல்லியைத் தண்ணீரில் குழைத்துத் தடவலாம். செம்பருத்தியில் வெள்ளைப் பஞ்சு போல மாவுப்பூச்சி தெரிந்தால் அந்தக் கிளைகளை வேலியோரம் குவித்து வைக்காமல் அப்புறப்படுத்திவிடுங்கள். இல்லையென்றால் எறும்பே அதை மறுபடி செடிக்கு ஏற்றிவிடும்.

வெட்டியதும் ஒரு தண்ணீர், அடியில் மக்கிய தொழுவுரம், அதன் மேல் காய்ந்த இலை தழையால் மூடாக்கு. யூரியாவை அள்ளிப் போடாதீர்கள். தளதளவென்று வரும் இளந்தளிரைச் சாறு உறிஞ்சும் அசுவினியும் மாவுப்பூச்சியும் தேடி வரும். செடி செத்துப்போன இடங்களில் புது நாற்று நட்டால் பக்கத்துப் பெரிய செடிகளின் வேரோடு போட்டி போட முடியாமல் தேங்கி நிற்கும். பக்கத்துச் செடியின் தாழ்ந்த கிளையை வளைத்து மண்ணில் பதியம் போடுங்கள். தாயிடமிருந்து சத்து வாங்கிக்கொண்டே வேர் பிடிக்கும்.

வெட்டத் தொடங்கும் முன் கிளைகளை விலக்கி உள்ளே ஒரு முறை பாருங்கள். பறவைக் கூட்டில் முட்டையோ குஞ்சோ இருந்தால், குஞ்சு பறக்கும்வரை கூட்டைச் சுற்றி ஒரு 10 அடி வேலியை மட்டும் வெட்டாமல் விட்டுவைக்கலாம். குளவிக்கூடும் இப்படி உள்ளே ஒளிந்துதான் இருக்கும்.