ஆபரேஷனுக்குப் பிறகும் எடை அசையாமல் நிற்கிறதே, டாக்டர்?

கேள்வி: எனக்கு 38 வயது, உயரம் 158 செ.மீ. ஏழு மாதங்களுக்கு முன் 112 கிலோ இருந்தபோது எடை குறைக்க ‘ஸ்லீவ்’ ஆபரேஷன் செய்துகொண்டேன். மளமளவென்று 86 கிலோவுக்கு இறங்கிய எடை, ஐந்து வாரமாக அப்படியே நிற்கிறது. காலையில் இரண்டு இட்லி, மதியம் நாலு வாய் ரசம் சாதம், கொஞ்சம் தயிர், இரவு ஒரு தோசை. நடுவில் இரண்டு டீ, பிஸ்கட், சாயந்திரம் கொஞ்சம் மிக்சர். வயிறு மறுபடி விரிந்துவிட்டதா? இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில், நீங்கள் இழந்திருப்பது 26 கிலோ. 112-இல் கிட்டத்தட்ட கால்பங்கு. ஏழு மாதத்துக்கு இது நல்ல கணக்கு. கூடவே ஆபரேஷன் செய்துகொண்டவர் எத்தனை கிலோ குறைத்தார் என்று விசாரித்துக்கொண்டிருந்தால் நிம்மதிதான் போகும்.

ஸ்லீவ் ஆபரேஷனில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் நீக்கிவிடுகிறோம். மிச்சம் இருப்பது வாழைப்பழம் போன்ற ஒரு குழாய். வருடக்கணக்கில் அது ஓரளவு தளரலாமே தவிர, ஏழு மாதத்தில் பழைய அளவுக்கு விரிந்துவிடாது. எடை நிற்பதற்கு வேறு காரணம் இருக்கிறது. 112 கிலோவைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறிய உடம்புக்குச் செலவான சக்தி, 86 கிலோவுக்குத் தேவைப்படாது. அதோடு, எடை குறையும்போது உடம்பு தன் செலவையும் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளும். இப்படிச் சில வாரங்கள் நின்று, பிறகு மறுபடி இறங்குவது நாங்கள் அடிக்கடி பார்ப்பதுதான். முதல் ஒன்றரை வருடம் வரை எடை குறைய வாய்ப்பு உண்டு.

சரி, உங்கள் சாப்பாட்டுக்கு வருவோம். எனக்குக் கவலை தருவது அளவு அல்ல, தட்டில் இருக்கும் பொருள். ஒரு இட்லியில் புரதம் சுமார் 2 கிராம். இரண்டு இட்லி, ரசம் சாதம், தயிர், தோசை, டீயில் விழும் பால் எல்லாவற்றையும் கூட்டினாலும் 20 கிராமைச் சுற்றித்தான் வருகிறது. உங்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் வேண்டும். அது கிடைக்காதபோது உடம்பு தசையைக் கரைக்கும். தசை குறைந்தால் சும்மா உட்கார்ந்திருக்கும்போது எரியும் கலோரியும் குறையும். தலையை வாரினால் சீப்பு நிறைய முடி வருகிறதா? அதற்கும் இதில் பங்கு உண்டு.

இன்னொன்று, அந்த ‘கொஞ்சம் மிக்சர்’. சிறிய வயிற்றை நிரப்பி ‘போதும்’ என்று சொல்ல வைப்பது முட்டை, மீன், சுண்டல் மாதிரி கெட்டியான உணவு. மிக்சரும் டீயில் தொட்ட பிஸ்கட்டும் வாயிலேயே கரைந்து, குழாயில் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். வயிற்றுக்குச் சாப்பிட்ட நினைப்பே இருக்காது. 50 கிராம் மிக்சரில் 250 கலோரிக்கு மேல் இருக்கும், ஏறக்குறைய நான்கு இட்லி. “பாவம், ரெண்டு இட்லிகூட முழுசா சாப்பிடல” என்று வீட்டில் பரிதாபப்பட்டு நீட்டும் கிண்ணமும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

இரவுச் சாப்பாட்டை நிறுத்தாதீர்கள். இருக்கிற புரதமும் போய்விடும். காலையில் ஒரு இட்லியைக் குறைத்து, இரண்டு அவித்த முட்டை சாப்பிடுங்கள். மதியம் சின்னத் தட்டில் முதலில் குழம்பு மீன் இரண்டு துண்டு, அப்புறம் காய், இடம் இருந்தால் மட்டும் சாதம். ரசத்தைச் சாதத்தில் ஊற்றிப் பிசைந்து விழுங்குவதை இப்போதைக்கு விடுங்கள், அதுவும் வழுக்கும். சாயந்திரம் மிக்சருக்குப் பதில் ஒரு கிண்ணம் சுண்டல், இரவு 50 கிராம் பன்னீர். தயிர், பாலோடு சேர்த்தால் 60-ஐத் தொட்டுவிடும். சைவம் என்றால் சோயா, பருப்பு, பன்னீரைக் கூட்டலாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம், முடித்து அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள். நாள் முழுக்க ஒன்றரை லிட்டராவது மடக்கு மடக்காக உள்ளே போக வேண்டும். நடைப்பயிற்சி நல்லதுதான், ஆனால் தசைக்கு அது மட்டும் போதாது. நாற்காலியில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுவதைப் பத்துப் பத்தாக மூன்று முறை செய்யுங்கள். தினமும் எடை மெஷினில் ஏற வேண்டாம். வாரம் ஒரு நாள், காலையில், வெறும் வயிற்றில் போதும். இடுப்பை இன்ச் டேப்பால் அளந்து எழுதி வையுங்கள். எடை நிற்கும் வாரத்திலும் ஜாக்கெட் தளர்வதுண்டு.

ஒரு மாதம் இப்படிச் செய்தும் அசையவில்லை என்றால், ஆபரேஷன் செய்த டாக்டரைப் பாருங்கள். தைராய்டு பரிசோதனை தேவைப்படலாம். வேறு நோய்க்கு மாத்திரை சாப்பிட்டால் அந்தச் சீட்டையும் எடுத்துப் போங்கள், சில மாத்திரைகளே எடையைக் கூட்டும். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. விட்டிருந்தால் டாக்டரிடம் சொல்லி மறுபடி ஆரம்பியுங்கள், எடை குறைந்தாலும் அவற்றை நிறுத்தக் கூடாது. தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ, கால் மரத்து நடை தள்ளாடினாலோ, வலது மேல் வயிற்றில் கடுமையாக வலித்தாலோ அந்த ஒரு மாதம் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.